வளர்ந்த மரத்தை வேறிடம் கொண்டுபோகலாமா?

வீட்டுத்தோட்டப் பக்கம்



கடந்த வருடம் வைகாசி மாதம் எமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு தாய். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர். அதன்பின் அவர் வாழ்வில் பெரும்பகுதி ஒரு நலன்புரி நிலையத்திலேயே கழிந்திருக்கிறது. சொந்தக் காணி சில வருடங்களுக்கு முன் விடுவிக்கப்பட்டு, இப்போது அதில் சிறிய வீடும் கட்டி முடிந்துவிட்டது. அவர் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்.

"முகாம் இருக்கிற காணியின்ரை சொந்தக்காரர் மார்கழி முடியமுன் காணியைத் தரச்சொல்லிக் கேட்கிறார். அவரிலை பிழையில்லை. அவரும் எத்தனை வருசம் பொறுக்கிறது? ஆனால் எங்கடை கொட்டில் வாசலிலை ஒரு தேசிமரம் நிக்குது. மகன் வைச்சது. 2007 இல் வேலைக்கெண்டு வெளிக்கிட்டுப் போனவன் இன்னும் வரேல்லை. அந்த மரத்தை என்னோடை கொண்டுபோகலாமோ? கொண்டுபோனால் தப்புமோ? உள்ளதைச் சொல்லுங்கோ."

"உள்ளதைச் சொல்லுங்கோ" என்று ஒரு தாய் கேட்டபின் பூசி மெழுகிப் பதில் எழுத முடியாது. எனவே முதலில் என் வீட்டில் நடந்த பிழையைச் சொல்லிவிட்டே அவருக்குப் பதில் எழுதினேன். அது உங்களுக்கும் உதவும்.

2013 இல் நாங்கள் வவுனியாவில் உறவினர் வளவிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பினோம். வவுனியாவில் நான் வைத்து வளர்த்த மாதுளை ஒன்று நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்தது. விட்டுவர மனமில்லை. சாமான் ஏற்ற லொறி வந்த அன்று காலையில்தான் அந்த எண்ணம் வந்தது. ஆடி மாதம், சோளகம் அடித்துக்கொண்டிருந்தது. அலவாங்கால் குத்தி, இழுத்துப் பிடுங்கி, வேரில் மண் எல்லாம் உதிர்ந்துபோன நிலையில் லொறியில் போட்டுக்கொண்டு வந்தோம். புதிய வளவில் ஆழமாகக் கிடங்கு வெட்டி, யூரியாவும் போட்டு நட்டேன். இரண்டு கிழமைக்குள் அது விறகாகிவிட்டது. "ராசியில்லாத கை" என்று என்னையே நொந்துகொண்டேன். பின்னர் ஒரு விவசாயப் போதனாசிரியரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அக்கா, ராசியிலை ஒண்டுமில்லை. நீங்கள் ஒரே நாளிலை அஞ்சு பிழை விட்டிருக்கிறியள்" என்றார். அந்த ஐந்து பிழைகளும் எவை என்பதுதான் இம்மாதப் பாடம்.

மரம் ஏன் பட்டுப்போகிறது?

நாம் கண்ணால் காணும் தடித்த வேர்கள் மரத்தைத் தாங்கி நிற்பவை. தண்ணீரைக் குடிப்பவை மயிர்போன்ற மெல்லிய வேர்கள். இவற்றில் பெரும்பாலானவை மேல்மண்ணில், ஏறத்தாழ இரண்டு அடி ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவை கிளை விரிந்த அளவுக்கும் அப்பால் பரவி நிற்கும். எனவே ஒரு மரத்தை மண்கட்டியோடு வெட்டி எடுக்கும்போது, எவ்வளவு கவனமாக எடுத்தாலும், இந்த மெல்லிய வேர்களில் பத்தில் ஒன்பது பங்கு வரை பழைய இடத்திலேயே தங்கிவிடும். மேலே இலைகள் முன்போலவே நீரை ஆவியாக விடுகின்றன. கீழே குடிப்பதற்கு வேர் இல்லை. மரம் தாகத்தால் சாகிறது.

இதற்கு மருந்து ஒன்றுதான். பெயர்ப்பதற்கு முன்னரே, தண்டுக்குக் கிட்டவாகப் புதிய மெல்லிய வேர்களை வளரச் செய்யவேண்டும். அதற்குக் குறைந்தது நான்கு முதல் ஆறு மாதங்கள் வேண்டும். முற்றிய மரத்துக்கு ஒரு வருடம் இருந்தால் நல்லது. எம்மை எழுப்பியவர்கள் எமக்கு ஆறு மாதத் தவணை தரவில்லை. உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். மரத்துக்காவது அந்தத் தவணையைக் கொடுப்பது எங்கள் கையில் இருக்கிறது.

அந்தத் தாயின் கடிதம் வைகாசியில் வந்தது நல்லதாயிற்று. மாரிக்கு முன் ஐந்து மாதங்கள் இருந்தன.

முதலில் அளவு

ஒரு நூலை எடுத்து, நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் மரத்தைச் சுற்றி அளவுங்கள். வரும் நீளத்தை மூன்றால் பிரித்தால் ஏறத்தாழ மரத்தின் விட்டம் வரும். அந்த விட்டத்தின் பத்து மடங்குதான் நீங்கள் எடுக்கவேண்டிய மண்கட்டியின் அகலம்.

அந்தத் தேசிமரத்தின் சுற்றளவு 30 சென்ரிமீற்றர். விட்டம் 10 சென்ரிமீற்றர். எனவே மண்கட்டி 1 மீற்றர் அகலம், அரை மீற்றர் ஆழம். மண்ணின் பாரத்தைக் கணக்கிட்டால் இந்தக் கட்டி ஏறத்தாழ 600 கிலோ வரும். 50 கிலோ சீமெந்துப் பை பன்னிரண்டின் பாரம். இதுவே மரத்தின் விட்டம் 30 சென்ரிமீற்றர் என்றால் மண்கட்டி 3 மீற்றர் அகலமாகும்; பாரம் எட்டு, ஒன்பது தொன்னைத் தொடும். அது பாரந்தூக்கி இயந்திரம் வைத்திருப்பவர்களின் வேலை. ஆகவே 10 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட மரத்தை வீட்டுக்காரர் தாமாகப் பெயர்க்க நினைப்பது புத்தியல்ல. ஆசைக்கு முன் நூலைப் பிடியுங்கள்.

வேருக்குத் தவணை கொடுத்தல்

ஆனி மாதத்தில் அந்தத் தாயும் அயலில் இருந்த இரு பெண்களும் வேலையைத் தொடங்கினார்கள். தண்டிலிருந்து 40 சென்ரிமீற்றர் தள்ளி மரத்தைச் சுற்றி வட்டம் கீறினார்கள். அந்த வட்டத்தை நான்கு துண்டாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு துண்டுகளை மட்டும் ஒரு அடி அகலம், அரை மீற்றர் ஆழத்துக்குக் கானாக வெட்டினார்கள். குறுக்கே வந்த வேர்களை மண்வெட்டியால் கொத்தாமல் வாளால் அறுத்தார்கள். நார்நாராகக் கிழிந்த வேர் அழுகும். நேராக அறுத்த வேரின் நுனியிலிருந்துதான் புதுவேர் வரும். பின்னர் அதே மண்ணோடு மக்கிய கூட்டுப்பசளையைக் கலந்து கானை மூடி, தண்ணீர் ஊற்றினார்கள். புரட்டாதி பிறந்ததும் மீதி இரண்டு துண்டுகளையும் இவ்வாறே செய்தார்கள்.

நான்கு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டக்கூடாது. மரம் ஒரு பக்கத்தால் குடித்துக்கொண்டிருக்கவேண்டும். ஆனி, ஆடி மாதங்கள் எமது பகுதியில் கடும் வரட்சி. அந்த நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் கட்டாயம். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் உள்ளவர்கள் உவர்நீரை ஊற்றவேண்டாம்.

ஆனி மாதத்திலேயே இன்னொரு வேலையையும் செய்யச் சொன்னேன். பென்சில் தடிப்புள்ள மூன்று கிளைகளில், ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, நனைத்துப் பிழிந்த தும்புத்தூளை வைத்துப் பொலித்தீனால் சுற்றிக் கட்டினார். இதுதான் கிளையில் பதிவைத்தல். இரண்டு மூன்று மாதத்தில் பொலித்தீனுக்குள் வெள்ளை வேர் தெரியும். அப்போது அந்த வேருக்குக் கீழே வெட்டிச் சாடியில் நட்டால், அது பிள்ளை மரமல்ல, அதே மரம்தான். அதே காய், அதே வாசம். "தாய்மரம் தப்பாவிட்டாலும் இது இருக்கும்" என்று எழுதினேன். மூன்றில் இரண்டு வேர்விட்டன.

புதிய இடம்: தோண்டுவதற்கு முன் ஒரு கேள்வி

சகோதரிகளே, மீளக் கையளிக்கப்பட்ட காணியில் கிடங்கு வெட்டுவது மற்ற இடத்தில் வெட்டுவதுபோல அல்ல. கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்பட்ட காணியில் மட்டும் தோண்டுங்கள். "ஆழமாகத் தோண்டப்போகிறேன்" என்று கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த இடம் பற்றிக் கேட்டறியுங்கள். தோண்டும்போது இனந்தெரியாத இரும்போ, பிளாஸ்ரிக் பொருளோ தென்பட்டால் தொடவேண்டாம், எடுத்து எறியவேண்டாம். வேலையை நிறுத்தி, வந்த வழியே திரும்பி, தூரத்தில் அடையாளம் வைத்து, பிள்ளைகளை அண்டவிடாது, உடனே அறிவியுங்கள். ஒரு மரத்துக்காகக் காலை இழக்கத் தேவையில்லை.

கிடங்கின் அகலம் மண்கட்டியின் இரண்டு மடங்கு இருக்கலாம். ஆழம் மட்டும் மண்கட்டியின் ஆழத்தைவிட ஒரு விரலளவுகூடக் கூடக்கூடாது. இங்கேதான் பெரும்பாலானோர் பிழை விடுகிறோம். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று நினைக்கிறோம். நாளடைவில் மண் இறங்க, மரமும் இறங்கும். தண்டின் அடி மண்ணுக்குள் புதைந்தால் தேசி, தோடை இனங்கள் அடிப்பட்டை அழுகிச் சாகும். முன்பு எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில் நிற்கவேண்டும்.

வலிகாமத்தின் செம்மண் பகுதிகளில் சிறிது தோண்டியதும் சுண்ணாம்புக்கல் தட்டுப்படும் இடங்கள் உண்டு. அங்கே கல்லோடு மல்லுக்கட்டாமல் வேறிடம் பாருங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தையும் தவிருங்கள்.

பெயர்க்கும் நாள்

வடக்குக் கிழக்கில் இதற்கு உகந்த காலம் ஐப்பசி, கார்த்திகை. முதல் மழை விழுந்து மண் குளிர்ந்தபின், அடைமழை இல்லாத, மப்பும் மந்தாரமுமான ஒரு நாள் நல்லது. அந்தத் தாய் கார்த்திகையில் ஒரு நாளைத் தெரிந்தெடுத்தார். அன்று நானும் போயிருந்தேன். நடந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. முதல்நாள் மாலை மரத்தடியில் நன்றாகத் தண்ணீர் விட்டிருந்தார். காய்ந்த செம்மண் உதிர்ந்துவிடும். ஈரமானால் கட்டியாக நிற்கும். மணற்பாங்கான இடங்களில் இது இன்னும் முக்கியம்.

2. கிழக்குப் பக்கம் பார்த்த தண்டில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தார். புதிய இடத்திலும் அந்தப் பக்கம் கிழக்கே பார்க்கவேண்டும். நிழலில் இருந்த பட்டை திடீரென வெயிலைப் பார்த்தால் வெடிக்கும்.

3. காய்ந்ததும் நெருக்கமானதுமான கிளைகளை மட்டும் வெட்டினோம். காய்கள் எல்லாவற்றையும் பறித்தோம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டவேண்டாம். முன்பெல்லாம் மொட்டையாக வெட்டச் சொல்வார்கள். ஆனால் புதுவேர் வளர்க்கும் உணவை இலைதான் சமைக்கிறது.

4. முன்பு வேர் அறுத்த இடத்துக்குச் சற்று வெளியே, தண்டிலிருந்து 50 சென்ரிமீற்றர் தூரத்தில் வட்டமாக வெட்டினோம். ஐந்து மாதத்தில் வளர்ந்த புதுவேர்கள் வெள்ளை நூல்போலக் கூட்டுப்பசளைக்குள் நிறைந்திருந்தன. அந்தத் தாய் குந்தியிருந்து அவற்றைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

5. மண்கட்டியைச் சுற்றி நனைத்த சணல் சாக்கை இறுக்கிக் கயிற்றால் வரிந்து கட்டினோம். அதன்பின்தான் அடிப்பக்கத்தை அறுத்தோம்.

6. ஒரு பக்கத்து மண்ணைச் சரிவாக வெட்டி, பனஞ் சிலாகைகளை அடியில் கொடுத்து, அதன்மேல் கட்டியை மெல்ல இழுத்தோம். அயலவர் ஒருவர் லான்ட்மாஸ்டர் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துத் தந்தார். பெட்டியில் ஏற்ற எட்டுப் பேர் வேண்டியிருந்தது. எந்த நேரத்திலும் தண்டில் பிடித்துத் தூக்கவில்லை. தண்டில் பிடித்தால் கட்டி அறுந்து வேர் கழன்றுவிடும். வசதியிருந்தால் பெக்கோ இயந்திரத்தை ஒரு மணித்தியாலம் வாடகைக்குப் பிடிப்பது இலகு.

7. பயணத்தில் காற்றுப் படாமல் இலைகளைப் பழைய சேலையால் போர்த்தினோம். புதிய கிடங்கில் இறக்கி, கிழக்குப் பார்த்து நிறுத்தி, சாக்கையும் கயிற்றையும் அகற்றி, வெட்டிய மண்ணையே திரும்பப் போட்டு, இடையிடையே தண்ணீர் விட்டு வெற்றிடம் இல்லாமல் இறுக்கினோம். யூரியாவோ வேறு இரசாயனப் பசளையோ போடவில்லை. அறுந்த வேரில் உப்புப் படுவது புண்ணில் படுவது போன்றது. புது இலை முற்றும்வரை பசளை வேண்டாம்.

அதன்பின்

மூன்று பக்கமும் கம்பு நட்டு, பழைய துணியால் தளர்வாகக் கட்டுங்கள். வாடைக்காற்று அசைத்தால் புதுவேர் அறும். கட்டு ஒரு வருடத்துக்கு மேல் இருக்கவேண்டாம், பட்டையை நெரிக்கும். மரத்தடியில் தென்னம் பொச்சோ காய்ந்த குழையோ பரவுங்கள், ஆனால் தண்டில் முட்டாமல். மழையில்லாத நாட்களில் முதல் இரண்டு கிழமைக்குத் தினமும் நான்கைந்து வாளி, பின்னர் இரண்டு மாதத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். மாசியில் மழை நின்றபின்தான் உண்மையான சோதனை தொடங்கும். அடுத்த மாரிவரை கிழமைக்கு இரண்டு முறையாவது தண்ணீர் விடவேண்டும். உச்சி வெயிலுக்கு மேற்குப் பக்கம் கிடுகு மறைப்புக் கட்டலாம்.

இலை எல்லாம் கொட்டினால் பயப்படவேண்டாம். ஒரு சிறு கிளையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது.

எதைப் பெயர்க்கலாம், எதை விடலாம்?

முருங்கை, பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றைப் பெயர்க்கவே தேவையில்லை. மாரியில் கதியால் வெட்டி நட்டால் போதும். தேசி, தோடை, மாதுளை, கொய்யா, செவ்வரத்தை ஆகியன முறையாகச் செய்தால் தப்பும். தென்னை புல்லினத்தைப் போலத் தண்டின் அடியிலிருந்தே புதுவேர் விடுவதால், வளர்ந்தபின்னும் இயந்திர உதவியோடு பெயர்க்கப்படுகிறது. முற்றிய மா, பலா, புளி ஆகியவற்றைப் பெயர்ப்பது எங்களைப் போன்றவர்களால் ஆகாத காரியம். மாவில் ஒட்டுக்கிளை எடுத்து இளங்கன்றில் ஒட்டி அதே இனத்தைக் கொண்டுபோகலாம். பனையைப் பெயர்க்க நினைக்காதீர்கள். பனங்கொட்டை விழுந்த இடத்தில்தான் பனை. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். காணி மற்றவருடையதாயின் மரத்தை எடுக்க அவரது சம்மதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

உலகில் இது புதிதல்ல

ஏறத்தாழ 3500 வருடங்களுக்கு முன் எகிப்தை ஆண்ட ஹட்ஷெப்சுட் என்ற அரசி, பூந்து என்ற தூர நாட்டிலிருந்து 31 வாசனைப்பிசின் மரங்களைக் கப்பலில் எடுப்பித்தாள். வேரும் மண்ணுமாகக் கூடைகளில் வைத்து, தண்டில் கட்டி மனிதர் காவிச்செல்லும் காட்சி அவள் கட்டிய தெய்ர் எல் பஹ்ரி கோயிற் சுவரில் இன்றும் செதுக்கப்பட்டிருக்கிறது. கூடைக்குப் பதில் சாக்கு. மற்றப்படி முறை அதேதான்.

2008 இல் அவுஸ்திரேலியாவின் வடமேற்கில் வீதிக்குப் பாலம் அமைப்பதற்காக ஒரு பெரிய மரத்தை அகற்றவேண்டி வந்தது. எமது மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கும் பெருக்கமரத்துக்கு நெருங்கிய உறவான மரம் அது. வயது ஏறத்தாழ 750, பாரம் 36 தொன். அந்த மண்ணின் ஆதிக்குடிகளான கிஜா மக்கள் அதை வெட்டவிடாமல், பேர்த் நகரப் பூங்காவுக்குக் கொடுத்தார்கள். 3200 கிலோமீற்றர் வீதியால் கொண்டுசென்று நட்டார்கள். புறப்படும்போது கிஜா மக்கள் தமது முறைப்படி அதற்கு விடைகொடுத்தார்கள். போய்ச்சேர்ந்த இடத்து ஆதிக்குடிகள் தம் முறைப்படி வரவேற்றார்கள். அந்த மரம் புதிய மண்ணில் துளிர்த்தது.

அந்தத் தேசிமரம்

மார்கழியில் இலை முழுவதும் கொட்டிவிட்டது. "அக்கா, போயிட்டுது போல" என்று அந்தத் தாய் தொலைபேசியில் சொன்னார். நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன். சற்று நேரம் சத்தமில்லை. பின்னர் "பச்சை" என்றார்.

தைப்பனி கழிந்து இரண்டு இடத்தில் துளிர் வந்தது. இப்போது ஒரு பக்கம் நன்றாகத் தழைத்திருக்கிறது. மறுபக்கத்துக் கிளை ஒன்று பட்டுவிட்டது, அறுத்துவிட்டோம். பூ இன்னும் வரவில்லை. வருவதற்கு ஒன்றிரண்டு வருடம் செல்லலாம் என்று சொல்லியிருக்கிறேன். பதிவைத்த கன்று ஒன்றைக் கிணற்றடியில் நட்டிருக்கிறார். மற்றதை, இத்தனை வருடம் இடம் தந்த காணிக்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். அவரும் அதைத் தன் வளவில் நட்டிருக்கிறார்.

"மகன் வந்தால் வீடு தெரியாது. மரம் தெரியும்" என்றார் அந்தத் தாய். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்ற வாளியை எடுத்துக் கொடுத்தேன்.

உங்கள் வளவிலும் இப்படி ஒரு மரம் இருந்தால், காணி மாறப்போகிறது என்று தெரிந்த அன்றே நூலை எடுத்து அளந்துவிடுங்கள். மாரிக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று எண்ணுங்கள். காலம் போதாவிட்டால் மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு கிளையில் பதிவையுங்கள். தெரியாததை உங்கள் பகுதி கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

அடுத்த மாதம் வீட்டுக் குப்பையில் கூட்டுப்பசளை தயாரிப்பது பற்றிப் பார்ப்போம்.